ஆறுதான் பார்த்தேன்

கழுகு அக்கா வேலையை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. நாலாவது மாடியில் எல்லோரும் அவரவர் திரையை உற்றுப் பார்த்தபடி இருந்தார்கள். யாராவது கிளம்பும்போது மட்டும் ஆபீஸ்காரர்களுக்கு வேலையில் அப்படி ஒரு கவனம் வந்துவிடும்.

அட்டைப்பெட்டியை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தவன் கட்டம் ஒருவன்தான்.

"குடு தம்பி, கனமே இல்ல," என்றாள் அக்கா.

"பரவாயில்லக்கா, இருக்கட்டும்."

பெட்டிக்குள் ஒரு தம்ளர், ஏசி குளிருக்குப் போட்டுக்கொள்ளும் பழைய ஸ்வெட்டர், மேஜைக்கு அடியில் கிடந்த ஒரு ஜோடி செருப்பு, பாதி காய்ந்த சின்னச் செடி. "பதினேழு வருஷத்துக்கு ஒரு பொட்டி கூட நிறையல பாரு," என்று அவளே சிரித்தாள். மூக்கின் மேல் புதுக் கண்ணாடி. போட்டுப் பழகாததால் நொடிக்கொருதரம் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

லிஃப்ட் கீழே எங்கேயோ நின்றுபோய், வர நேரமாயிற்று. கட்டத்தின் தொண்டைக்குள் ஒரு வாக்கியம் நேற்று மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்தது. விழுங்கினாலும் இறங்கவில்லை, துப்பினாலும் வரவில்லை. அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கே?"

"இல்லக்கா... படி பார்த்துப் போங்க."

"லிஃப்ட்ல போறவளுக்கு ஏதுடா படி?"

கதவு திறந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே உள்ளே போனாள். கதவு மூடியது. எண்கள் நாலு, மூன்று, இரண்டு என்று இறங்குவதை அவன் கடைசி வரை நின்று பார்த்தான்.

கட்டம் என்பது அவனுக்கு ஆபீஸ் வைத்த பெயர். சிப்புக்கு வரைபடம் போடுவது அவன் வேலை. நகக்கண் அளவுச் சில்லுக்குள் போகவேண்டிய கோடிக்கணக்கான கட்டங்களைத் திரையில் வரைந்து, அடுக்கி, ஒன்றோடொன்று இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இராது. செருப்புகளை ஓரம் பார்த்து வைப்பான். துண்டை நாலு முனையும் சேர்த்து மடிப்பான். இன்னொரு பழக்கமும் உண்டு. எதைப் புதிதாக மாட்டினாலும் அதன் மேல் தேதி எழுதிவிடுவான். பல்பு, கடிகார பேட்டரி, தண்ணீர் வடிகட்டி, மகளின் பல் துலக்கும் பிரஷ் என்று எல்லாவற்றிலும் பொடி எழுத்தில் நாளும் மாதமும் இருக்கும்.

"என்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்கு என் முதுகுல தேதி போடாம விட்டீங்களே, அதுவே பெரிய விஷயம்," என்பாள் மனைவி. அவள் தெருமுனை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், கணக்கில் புலி.

கழுகு அக்கா அவனைவிட ஏழு வயது மூத்தவள். அவள் வேலை, வரைந்த படத்தைச் சோதிப்பது. சோதிக்கிற மென்பொருள் படம் முழுவதையும் படித்துவிட்டு, இங்கே இடைவெளி போதாது, அங்கே கோடு மெலிந்திருக்கிறது என்று ஒரு ரிப்போர்ட் தரும். படம் என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டுக்கும் செல் என்று பேர். எந்தக் குறை எந்த செல்லில் இருக்கிறது, அதில் எத்தனை பார்த்தாச்சு, எத்தனை பார்க்கவில்லை என்று ரிப்போர்ட்டே கணக்கு வைத்திருக்கும். மென்பொருள் சொல்வதெல்லாம் நிஜக் குறையாக இராது. அதனால் ஒரு மனுஷி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, பரவாயில்லை என்றால் 'பார்த்தாச்சு' என்று குறி போட வேண்டும். நிஜக் குறையென்றால் வரைந்தவன் தலையில் குட்ட வேண்டும். அக்கா குட்டுவதில் கைதேர்ந்தவள். அவள் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை என்பதால்தான் கழுகு.

படம் ஒவ்வொரு முறை மாறும்போதும் புது ரிப்போர்ட் வரும். போட்ட குறியெல்லாம் போய்விடும். "நேத்து பார்த்ததையே இன்னைக்கும் பார்க்கிறேன், நாளைக்கும் பார்ப்பேன். வீட்டுல கூட இத்தனை தடவை ஒரே முகத்தைப் பார்த்ததில்ல தம்பி," என்று அக்கா ஒருநாள் அலுத்துக்கொண்டாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் கட்டம் கணினிக்கு ஒரு சின்ன நிரல், ஸ்கிரிப்ட் என்பார்கள், எழுதினான். எண்பது வரி. பழைய ரிப்போர்ட்டைத் திறந்து, ஒவ்வொரு செல்லாக எடுத்து, அதில் அக்கா போட்ட குறிகளைப் புது ரிப்போர்ட்டில் அதே செல்லுக்கு மாற்றிவிடும். கடைசியில் ஒரு பட்டியல் போடும். செல்லின் பெயர், குறை எத்தனை, பார்த்தது எத்தனை. மிச்சம் இருப்பதை மட்டும் அக்கா திறந்து பார்த்தால் போதும்.

முதல் நாள் அது ஓடி முடித்ததும் அக்கா அவன் மேஜைக்கு வந்து, "நீ நல்லா இருப்ப," என்றாள். அவனுக்கு அன்று முழுக்கக் காது மடல் சூடாகவே இருந்தது.

அந்த வருஷம் அனுப்பிய சிப், செய்து திரும்பி வந்தபோது ஒரு மூலை செத்திருந்தது. எத்தனை மாதிரியை மாட்டிப் பார்த்தாலும் அதே மூலை. நாலு மாச வேலை மண்ணாய்ப் போனது. மூலையிலிருந்த செல்லில் ஓர் இடைவெளி நிஜமாகவே போதவில்லை. சோதனை மென்பொருள் அதைச் சொல்லியிருந்தது. ரிப்போர்ட்டில் அதற்கு எதிரே 'பார்த்தாச்சு' என்று இருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து.

அக்கா கிளம்புவதற்கு முந்தின வியாழக்கிழமை, மேனேஜர் அறையில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள்.

"மூலை செல்லுல பன்னிரண்டு குறை, பன்னிரண்டும் பார்த்ததா இருக்கு," என்றார் மேனேஜர்.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நான் ஆறுதான் சார் பார்த்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ரிப்போர்ட்டுல பன்னிரண்டுன்னு இருக்கேம்மா."

அவள் கட்டத்தின் பக்கம் திரும்பினாள். "தம்பி, உன் ஸ்கிரிப்ட் ஏதாவது...?"

"ஸ்கிரிப்ட் தானா ஒண்ணும் பண்ணாதுக்கா. நீங்க பார்த்ததைத்தான் எடுத்துப் போடும்."

இதைச் சொன்னபோது அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான். பின்னாளில் அவன் அடிக்கடி போய்ப் பிடித்துத் தொங்கிய ஒரே கொம்பு அதுதான்.

அக்கா மறுபடி திரையிலிருந்த பன்னிரண்டைப் பார்த்தாள். பிறகு, "அப்போ பார்த்திருப்பேன். பார்த்துட்டு மறந்திருப்பேன்," என்றாள். கணினி ஒன்று சொல்லி நாம் வேறொன்று சொன்னால், நம்மையே சந்தேகப்படப் பழகியிருக்கிறோம். அன்று சாயங்காலமே கண் டாக்டரிடம் போனாள். சனிக்கிழமை கண்ணாடி வந்தது. திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள்.

கீழே டீக்கடையில் நின்றபோது வரைகிற பையன்களில் ஒருத்தன், "கழுகுக்குக் கண்ணு போச்சுடா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கட்டமும் சிரித்தான். பெரிய சிரிப்பெல்லாம் இல்லை, மூக்கால் காற்று விடுகிற அளவுக்கு. அதைக்கூட அவன் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு வந்து, சும்மா ஒரு திருப்திக்காகத்தான் அந்த ரிப்போர்ட்டை மறுபடி திறந்தான். தன் பட்டியலை விட்டுவிட்டு ரிப்போர்ட்டின் உள்ளே நேராகப் போய்ப் பார்த்தான். பட்டியலில் ஒரே வரியாக இருந்த மூலை செல், உள்ளே இரண்டாக இருந்தது. ஒரே பெயர், ஆனால் தனித்தனி எண். இரண்டாவதற்குப் பக்கத்தில் 'வகை' என்று ஒரு குறிப்பு. வேலையின் நடுவில் யாரோ மூலைத் துண்டைத் திருப்பி, கொஞ்சம் இழுத்து, எதிர் மூலைக்குப் பொருந்தும்படி வைத்திருக்கிறார்கள். மென்பொருள் இரண்டுக்கும் அதே பெயரைக் கொடுத்து, வகையை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறது. முதலாவதில் ஆறு குறை. இரண்டாவதில் ஆறு, செத்த மூலையின் இடைவெளியும் அதில்தான்.

அக்கா முதலாவதை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறி போட்டிருக்கிறாள். அடுத்த ரிப்போர்ட்டில் இரண்டாவது வந்தபோது, கட்டத்தின் ஸ்கிரிப்ட் பெயரை மட்டும் கேட்டது. பெயர் ஒத்துப்போனது. வகையைக் கேட்கவே இல்லை. முதல் ஆறின் குறிகளை இரண்டாவதன் ஆறுக்கும் போட்டுவிட்டு, இரண்டையும் ஒரே வரியில் கூட்டி, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று எழுதி வைத்தது. திறந்து பார்க்க அங்கே எதுவும் மிச்சமில்லை என்று அக்காவுக்குச் சொன்னது அவன் எழுதிய எண்பது வரி.

அவள் ஆறுதான் பார்த்தாள். சொன்னாளே.

முதலில் செய்த காரியம், தப்பைத் திருத்தினான். ஒரே வரி. பெயரோடு வகையையும் சேர்த்துக் கேட்கும்படி மாற்றினான். பக்கத்தில், பழக்கத்தில், 'பெயரோடு வகையும் சேர்த்துப் பார்க்கவும்' என்று ஒரு குறிப்பும் தேதியும் எழுதினான். எழுதுகிறோம் என்றே தெரியாமல் கை அதை எழுதியது.

பிறகு எழுந்து மேனேஜர் அறைக்குப் போனான். கதவு திறந்துதான் இருந்தது. மேனேஜர் போனில், "முடிஞ்சிருச்சு சார், அவங்களே ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாங்க, பிரச்சனை இல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன கட்டம்?"

வாய் திறந்தது. "அடுத்த வாரம் ரெண்டு நாள் லீவு வேணும் சார்."

"எடுத்துக்கங்க. நீங்க லீவே எடுக்கறதில்லையே, என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல சார்."

லீவு கிடைத்துவிட்டது. கேட்டபின் எடுக்காமல் இருக்க முடியுமா? அடுத்த வாரம் இரண்டு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தான். குழாயில் தண்ணீர் ஒழுகாத இடத்தையெல்லாம் இறுக்கினான். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா, உங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். பதினொரு வயசு. பயத்தோடுதான் கேட்டாள்.

"இல்லடா. வேற ஒருத்தங்களை."

இரண்டாம் நாள், மனைவி மருந்துக்கடையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தபோது, ஏதோ கேள்விப்பட்ட கதை மாதிரி ஆரம்பித்தான். ஆபீஸில் ஒருத்தன். அவன் எழுதிக்கொடுத்ததில் ஒரு தப்பு. பழி வேறொருத்தர் மேல் போய்விட்டது. என்ன மாதிரித் தப்பு என்று அவள் கேட்டதற்கு, ஒரே பெயரில் இரண்டு இருந்ததையும் வகை பார்க்காததையும் விளக்கினான்.

அவளுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. "எங்க கடையில ஒரே மாத்திரை இருநூத்தம்பதும் இருக்கு, ஐநூறும் இருக்கு. பேரை மட்டும் பார்த்து எடுத்துக் குடுத்தா என்ன ஆகும்? அது சரி, மனுஷன்னா தப்பு வரும். குடுத்துட்டு, சீட்டு எழுதின டாக்டர் மேல பழி போகுதுன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தான்னா, அவன் என்னங்க ஆளு?"

"சும்மா இருக்கணும்னு இல்ல. சொல்ல நேரம் வரல."

"லிஃப்ட் வரைக்கும் பொட்டி தூக்க நேரம் இருந்துச்சாமே?"

பெட்டி தூக்கிய கதையை அவன்தான் போன வாரம் சொல்லியிருந்தான், தன் நல்ல மனசுக்குச் சாட்சியாக. மனைவி அவனைப் பார்த்தாள். அவன் தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை என்று அவனுக்குப் பலநாள் தோன்றியதுண்டு.

சொல்வதற்கு ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் குறித்தான். முதல் மாதம், அக்கா இன்னும் வேறு வேலையில் சேர்ந்திருக்க மாட்டாள், இப்போது சொன்னால் மனசு கலங்கும் என்று தள்ளினான். ஆறாம் மாதம், சேர்ந்திருப்பாள், இனி எதற்கு என்று தள்ளினான். போன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை எழுதினான். 'அக்கா, நலமா' என்பதோடு நின்றுவிடும். அந்த 'நலமா'வைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று அழித்துவிடுவான்.

சோதனைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். மிச்சக் குறைகளை மட்டும் பார்ப்பாள், தப்பே வருவதில்லை. இரண்டாம் வருஷக் கூட்டத்தில் மேனேஜர் மேடையில் நின்று, கட்டத்தின் ஸ்கிரிப்ட்டால் ஒரு குறைகூட நழுவவில்லை என்று சொல்லி, அவனுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். படத்தில் அவன் முகம், பல்வலிக்காரன் முகம். கேடயத்தை வீட்டில் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் குப்புறப் போட்டான். அதில் மட்டும் தேதி எழுதவில்லை. மகள் அதைக் கண்டெடுத்து, பக்கம் காற்றில் புரளாமல் இருக்கப் புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டாள். "அப்பாவுக்குப் பரிசு குடுத்திருக்காங்க," என்று தோழிகளிடம் காட்டுவாள். அப்போதெல்லாம் அவன் வேறு அறைக்குப் போய்விடுவான்.

மூன்றாம் வருஷம் ஒருநாள் எதுவும் யோசிக்காமல், குளிர்ந்த தண்ணீரில் குதிப்பவன் போல, மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். எல்லாவற்றையும் சொன்னான். எந்த மதியம், எந்த வரி, போன் பேச்சு, லீவு.

மேனேஜர் பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடினார். "இப்ப எதுக்குங்க அதெல்லாம்? அவங்க நல்லாத்தான் இருப்பாங்க. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன் அதுல. கிளறினா நாலு பேருக்குக் கஷ்டம். விடுங்க, நமக்குள்ள இருக்கட்டும்."

"சரி சார்."

வெளியே வரும்போது தோளில் இருந்து ஏதோ இறங்கியது மாதிரி இருந்தது. தன் மேஜைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அது என்னவென்று விளங்கியது. நிம்மதி. சொல்லியாகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை என்கிற நிம்மதி. இத்தனை நாள் பட்ட வெட்கம் எல்லாம் ஒரு பக்கம், அந்த ஒரு நிமிஷ நிம்மதிக்காகப் பட்ட வெட்கம் ஒரு பக்கம். அக்காவிடம் சொல்ல வேண்டியதை யாரிடம் சொன்னால் ஆபத்தில்லையோ அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான்.

நாலாம் வருஷம் அவன் ஆபீஸ் வேறொரு ஆபீஸோடு சேர்ந்து ஒரு சிப் செய்ய ஆரம்பித்தது. சோதனை இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று மேனேஜர் ஸ்கிரிப்ட்டை அவர்களுக்கு அனுப்பச் சொன்னார். கட்டம் அனுப்பினான். அந்த ஆபீஸில் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அனுப்புவதற்கு முன்னால் ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்தான். அந்த வரிக்குப் பக்கத்துத் தேதி கண்ணில் பட்டது. அழித்துவிடலாமா என்று விரலை வைத்தான். மூன்றே வினாடிதான். ஆனால் அத்தனை வருஷத்தில் எழுதிய ஒரு தேதியையும் அவன் அழித்ததில்லை. இதை அழித்தால் அப்புறம் எதை வைத்து நான் மனுஷன் என்று தோன்றியது. விட்டுவிட்டான்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. அக்காவின் எண். படித்தான். இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டான். திரும்பி நடந்து வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கோணல்மாணலாக விட்டுவிட்டு, போனை மனைவியிடம் நீட்டினான். அவள் நின்றபடியே படித்து முடித்தாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். மகள் வைத்திருந்த கேடயத்தை மட்டும் மேஜையிலிருந்து எடுத்து அப்புறப்படுத்தினாள். நாலு வருஷமாக எழுத வராதது ஒரு மணி நேரத்தில் எழுதி முடிந்தது. எழுத வைத்த செய்தி இதுதான்:

"தம்பி, உன் ஸ்கிரிப்ட் இப்போது நான் இருக்கிற ஆபீஸுக்கு வந்திருக்கிறது. வழக்கம்போல மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஒரு வரிக்குப் பக்கத்தில் 'பெயரோடு வகையும் சேர்த்துப் பார்க்கவும்' என்று எழுதித் தேதி போட்டிருக்கிறாய். அது செவ்வாய்க்கிழமை. நான் கிளம்பினது மறுநாள். லிஃப்டில் போகிறவளைப் படி பார்த்துப் போகச் சொன்னது இப்போதுதான் புரிகிறது. கண் டாக்டர் அப்போதே கண்ணில் ஒன்றுமில்லை என்றார். நான்தான் நம்பாமல் அடம்பிடித்துக் கண்ணாடி வாங்கினேன். நாலு வருஷம் ஒவ்வொரு குறையையும் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். இங்கே சோதனைப் பிரிவை என்னிடம் கொடுக்க யோசிக்கிறார்கள். பழைய இடத்தில் என்ன நடந்தது என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டு மறந்துவிட்டேன் என்றுதான் எழுதிக் கொடுத்தேன், வேறென்ன தெரியும் எனக்கு? வெள்ளிக்கிழமை வரை மாற்றலாம். நானே மாற்றினால் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். நீ எழுது. உன் சொந்தப் பேர் போட்டு, தேதி போட்டு. நான் ஆறுதான் பார்த்தேன் என்று எழுது. எனக்கு எதுவும் எழுத வேண்டாம், அதைப் படிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும். அவர்களுக்கு எழுது. முகவரி கீழே இருக்கிறது."